ஜன்னல் கண்ணாடி துடைக்க எந்தத் துணி நல்லது?

நீங்கள் எழுதியதன் சாரம் இது. ஜன்னல் கண்ணாடி சுத்தம் செய்வதைத் தொழிலாக எடுத்து ஆறு மாதம் ஆகிறது. மைக்ரோஃபைபர் துணியில் மூன்று வகை வாங்கிப் பார்த்துவிட்டீர்கள். வாங்கிய புதிதில் பளிச்சென்று துடைக்கிறது. மூன்று நான்கு வாரம் போனதும் அதே துணி கண்ணாடியில் கோடு விடுகிறது, வெயில் பட்டால் பனி படர்ந்த மாதிரி மங்கல் தெரிகிறது. இந்த வேலையில் பழுத்த ஒருவர் லினன் ஸ்கிரிம் துணிதான் சரி என்கிறார், இன்னொருவர் அறுவைச் சிகிச்சை அறைகளில் பயன்படும் ஹக் டவலை வாங்கச் சொல்கிறார். இதில் எதை வாங்குவது, எத்தனை துணி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ‘புதிதில் நன்றாக இருந்தது’ என்ற உங்கள் வரிதான் முக்கியமாகப் படுகிறது. நல்ல துணி ஏற்கெனவே உங்கள் கையில் இருந்திருக்கிறது. அது எப்படிக் கெட்டது என்று தெரியாமல் நான்காவது வகையை வாங்கினால் அதுவும் ஒரு மாதத்தில் இதே நிலைக்குத்தான் வரும். ஆகவே எதை வாங்குவது, வாங்கியது ஏன் கெட்டது என்ற இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். ஜவுளிப் படிப்பு படித்தவன் இல்லை. இழையின் அமைப்பைப் பற்றி நான் சொல்வது யாரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய பொதுவான செய்தி. துணி கண்ணாடியில் எப்படி நடந்துகொள்கிறது என்பது என் கை அறிந்தது. அதில் எது எல்லோருக்கும் பொருந்தும், எது என் பழக்கம் மட்டும் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் துணிக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். சோப்பு நீர் அழுக்கைக் கரைத்துத் தன்னோடு வைத்திருக்கிறது. அந்த நீரைக் கண்ணாடியிலிருந்து வழித்து எடுத்தால் அழுக்கும் கூடவே போகும். கண்ணாடியிலேயே உலரவிட்டால் நீர் மட்டும் போய், அழுக்கும் சோப்பும் தண்ணீரிலிருந்த உப்பும் அங்கேயே தங்கும். நீங்கள் பார்க்கிற கோடும் திட்டும் அதுதான். துணியால் கண்ணாடி முழுவதையும் தேய்க்கும்போது அந்த நீரில் ஒரு பங்கைத் துணி உறிஞ்சுகிறது, மிச்சத்தை மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜி அப்படிப் பரப்புவதில்லை, வழித்துவிடுகிறது. எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறி அமெரிக்காவில் 1936இல் காப்புரிமை வாங்கிய பித்தளை ஸ்குவீஜியின் வடிவம்தான் இன்றும் நம் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு தொழில்முறை வேலையில் துணியின் பங்கு சுருங்கி, ரப்பர் எட்டாத ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் போய்விட்டது. நீங்கள் துணியால் முழுக் கண்ணாடியையும் துடைத்து முடிக்கிறவர் என்றால் எந்தத் துணியாலும் நிறைவு கிடைக்காது. முதலில் ஸ்குவீஜியில் கையைப் பழக்குங்கள்.

ஸ்குவீஜி பழகியவருக்கும் துணியில் நான்கு விதமான வேலை இருக்கிறது: கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் நூலளவு ஈரத்தை எடுப்பது, ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் ரப்பர் பட்டையைத் துடைப்பது, சட்டத்திலும் ஜன்னல் திண்டிலும் வழிந்த நீரை ஒற்றி எடுப்பது, எப்போதாவது நடுவில் விழும் ஒரு கோட்டைத் தொட்டு நீக்குவது. இந்த நான்கையும் ஒரே துணி செய்ய முடியாது. திண்டு துடைக்க நிறைய நீர் குடிக்கிற தடித்த துணி வேண்டும். ஓரத்துக்கு விரலின் அழுத்தம் நேராகக் கண்ணாடிக்குப் போகிற மெல்லிய துணி வேண்டும். எது சிறந்த துணி என்ற கேள்வியை இந்த வேலைக்கு எது என்று மாற்றிக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

மைக்ரோஃபைபர் என்ற பெயர் இழையின் பருமனைத்தான் குறிக்கிறது. 9,000 மீட்டர் நீள இழை ஒரு கிராம் எடை இருந்தால் அது ஒரு டெனியர். அதைவிட மெல்லியது மைக்ரோஃபைபர். துடைக்கும் துணிகள் பெரும்பாலும் பாலியெஸ்டரும் பாலியமைடும், அதாவது நைலான் வகையும், சேர்ந்த இழையால் ஆனவை; 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்ற விகிதத்தில் வரும். பாலியெஸ்டர் எண்ணெய்ப் பசையை நன்றாகப் பிடிக்கும், பாலியமைடு பாலியெஸ்டரைவிட ஈரத்துக்கு இணக்கமானது. ஆனால் இந்த இழைகள் உள்ளுக்குள் குடிக்கிற நீர் கொஞ்சம்தான். நீர் தங்குவது இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில், நுண்புழை ஏற்றத்தால், அதாவது குறுகிய இடைவெளி நீரைத் தானே உள்ளே இழுத்துக்கொள்வதால். எனவே இழை பிளக்கப்பட்டிருக்க வேண்டும். தயாரிக்கும்போது ஒவ்வொரு இழையையும் ஆப்பு வடிவக் கீற்றுகளாகப் பிரிப்பார்கள். அப்படிப் பிரிக்காத துணியும் அதே பெயரில், அதே நிறத்தில், தொட்டால் இன்னும் மிருதுவாகவே விற்பனைக்கு வருகிறது. அது நீரைக் குடிக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

பிளந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க இரண்டு சின்னச் சோதனை போதும். காய்ந்து சொரசொரப்பான விரல் நுனியைத் துணியின் மேல் மெதுவாக இழுங்கள். பிளந்த இழை தோலின் சிறு பிசிறுகளில் மாட்டிக்கொண்டு இழுக்கும், சிலருக்கு அது கூச்சமாகவே இருக்கும். பிளக்காதது பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து, வழவழப்பான மேசையில் கொஞ்சம் நீரை ஊற்றி, துணியை அதன் மேல் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். நல்ல துணி போன தடத்தில் மேசை உலர்ந்திருக்கும், மோசமான துணி நீரை ஓரத்துக்கு ஒதுக்கியிருக்கும். ஒன்று இரண்டு வாங்கி இப்படிப் பார்த்தபிறகு மொத்தமாக வாங்குங்கள். துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் கடினமான அடையாளச் சீட்டை முதல் நாளே வெட்டி எறிந்துவிடுங்கள்.

நெசவில் ஓரம் துடைக்கத் தட்டையானதைத் தேர்ந்தெடுங்கள். தேங்காய்ப்பூ டவல் மாதிரி சுருள் எழுந்த மைக்ரோஃபைபர் திண்டுக்கும் சட்டத்துக்கும் அருமையானது. ஆனால் ஓரத்தில் வைத்தால் சுருள்கள் கண்ணாடியின் நடுப்பக்கம் பரவி, உலர்ந்த இடத்தையும் நனைத்துவிடும். மீன்செதில் போன்ற நெசவு, கட்டம் கட்டமான வாஃபிள் நெசவு, வழவழப்பான பின்னல் என்று தட்டையிலேயே பல உண்டு. மீன்செதில் நெசவு கண்ணாடியில் லேசாகப் பிடித்து இழுக்கும். அந்தப் பிடிமானம் எனக்குப் பிடிக்கும், என்னோடு வேலை செய்கிற ஒருவருக்குக் கை வலிக்கிறது என்று அவர் தொடுவதில்லை. இரண்டு பேர் முடிக்கிற கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது. எடையைப் பொறுத்தவரை ஓரத்துக்குச் சதுர மீட்டருக்கு 220 முதல் 300 கிராம் வரை உள்ளதையும், திண்டுக்கு 350 கிராமுக்கு மேல் உள்ளதையும் வைத்திருக்கிறேன். இந்த எண்கள் என் வழக்கம்தான், எந்த விதியும் இல்லை. எடை கூடினால் தரமும் கூடும் என்பது மட்டும் தவறு.

ஸ்கிரிம் என்பது ஆளிச்செடி நாரில், அதாவது லினனில், இழை இடைவெளி விட்டு நெய்த துணி. அதைப் பரிந்துரைத்தவர் சொன்னது வெறும் பழம்பேச்சு அல்ல. ஆளி நார் பருத்தியைவிட மிக நீளமானது, அதனால் பிசிறு குறைவாக உதிர்கிறது. நனைந்தால் அதன் வலு கூடும், குறையாது. ஆனால் புதிதாக வாங்கிய ஸ்கிரிம் விறைப்பாக இருக்கும், நெசவுக்குப் போட்ட கஞ்சிப்பசை அதில் இருக்கும். வெந்நீரில் பல முறை துவைத்து அது தளர்ந்த பிறகுதான் வேலைக்கு ஆகும். அதற்குள் பலரும் பொறுமை இழந்து, இது துடைக்கவே இல்லையே என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். முழுக்கக் காய்ந்த ஸ்கிரிமும் சரியாக எடுக்காது. நனைத்து முறுக்கிப் பிழிந்து, கையில் குளுமை மட்டும் தெரிகிற பதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதம் கைக்கு வந்துவிட்டால் பழைய மரச்சட்ட ஜன்னல்களின் சிறு சிறு கண்ணாடிகளுக்கு இதைவிட நல்ல துணியை நான் பார்த்ததில்லை. துவைக்கும்போது பிளாஸ்டிக் துகள் உதிர்வதும் இதில் இல்லை. மைக்ரோஃபைபரில் அது உண்டு.

ஹக் டவல் பருத்தி. மேற்பரப்பில் நூல்கள் மிதந்து நிற்கிற ஒரு தனி நெசவு அது, அதனால் தட்டையாக இருந்துகொண்டே நீரையும் குடிக்கும். புதியது சாயம் விடும், ஆரம்பத்தில் பிசிறும் விடும். சில துவைப்புகளுக்குப் பிறகு அடங்கிவிடும். மருத்துவமனைகளில் பயன்படுத்தி வெளுத்து ஒதுக்கியவை சலவைக்குப் பிறகு விற்பனைக்கு வருகிற இடங்களில் அவற்றையே கண்ணாடித் தொழிலாளர்கள் தேடி வாங்குவது இதனால்தான். இதன் பெரிய வசதி, பருத்தி என்பதால் சூடான நீரைத் தாங்கும். எண்ணெய் பிடித்தாலும் கொதிநீரில் போட்டுத் துவைத்து மீட்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பனியன் துணி நீர் குடிக்கும், ஆனால் குட்டைப் பஞ்சு உதிர்ந்துகொண்டே இருக்கும். ரப்பரைத் துடைக்கவும் திண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் தொழிலுக்கு ஆகாது: நனைந்ததும் கிழிகிறது, மை வெள்ளைச் சட்டத்தில் ஒட்டுகிறது. ஷாமாய் தோல், பெயர் ஒரு காட்டாட்டினுடையது என்றாலும், இன்று பெரும்பாலும் மீன் எண்ணெயில் பதப்படுத்திய செம்மறியாட்டுத் தோல். நீரை நிறையக் குடிக்கும், ஆனால் காரமான சோப்பு அதன் எண்ணெயை எடுத்து விறைக்க வைத்துவிடும். ஸ்குவீஜி இருக்கிற கையில் அதற்கு வேலை அதிகம் இல்லை.

இப்போது உங்கள் துணி ஏன் கெட்டது என்பதற்கு வருகிறேன். நான் நேரில் பார்க்காததால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிக்கு மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதில் முதலில் நிற்பது துணியை மிருதுவாக்க, மணக்க வைக்கக் கடைசி அலசலில் ஊற்றுகிற ஃபேப்ரிக் கண்டிஷனர். அது இழையின் மேல் ஒரு கொழுப்புப் படலமாகப் படிவதால்தான் துணி மென்மையாகிறது. நுண்ணிடைவெளியில் நீரை இழுத்துப் பிடிப்பதையே வேலையாகக் கொண்ட இழைக்கு மேல் அந்தப் படலம் ஏறினால், நீர் உள்ளே போகாது. படலத்தில் கொஞ்சம் கண்ணாடிக்கும் ஏறும். வெயிலில் தெரிகிற பனிமூட்டம் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டுத் துணிகளோடு சேர்த்து யாராவது துவைத்துக் கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். நான் சேர்ந்த முதல் வருடத்தில் இது தெரியாமல் ஒரு மூட்டைத் துணியை மணக்க மணக்க அலசிக்கொண்டு போனேன். அன்று முடித்த கண்ணாடிகள் அத்தனையையும் மறுநாள் கூலி வாங்காமல் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம், ஒரே துணி சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் போவது. வெயிலில் வருடக்கணக்கில் நின்ற வண்ணப்பூச்சு மேலே மாவாகப் பூத்திருக்கும். பூச்சில்லாத அலுமினியத்தில் சாம்பல் நிறத்தில் ஆக்சைடு இருக்கும். ஈரத்துணி பட்டதும் அது துணியில் ஏறி, அடுத்த கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளைக் கோடாக இறங்கும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. எனவே நிறத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நிறம் கண்ணாடிக்கு மட்டும், இன்னொன்று சட்டத்துக்கும் திண்டுக்கும், குளியலறை ஜன்னலுக்கு மூன்றாவது. கண்ணாடித் துணி வயதானால் திண்டுத் துணியாகலாம். திண்டுத் துணி ஒருபோதும் கண்ணாடிக்குத் திரும்பக் கூடாது. மூன்றாவது காரணம் துணியில் இல்லை, வாளியில் இருக்கிறது. சோப்பைத் தாராளமாக ஊற்றினால் ஓரத்தில் தங்குவது நீர் அல்ல, சோப்புக் கரைசல்; துணி அதை நாள் முழுக்கக் குடித்துக் குடித்து, மதியத்துக்கு மேல் திருப்பித் தர ஆரம்பிக்கும். காலையில் நன்றாக இருந்து மாலையில் மட்டும் கோடு விழுந்தால் முதலில் சோப்பைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

துவைப்பில் சில விஷயங்கள் உறுதியானவை. மைக்ரோஃபைபரைப் பருத்தியோடு சேர்த்துப் போடக் கூடாது. பருத்தி உதிர்க்கிற பஞ்சை அது காந்தம் மாதிரி பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த கண்ணாடியில் விடும். குளோரின் வெளுப்பான் பாலியமைடைச் சிதைக்கும், ஆகவே வேண்டாம். நீரின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும், உலர்த்தும் எந்திரத்தில் குறைந்த சூடு போதும்; கடுஞ்சூட்டில் இழை நுனிகள் விறைத்துப்போகும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. திரவ சோப்பு கொஞ்சமாகப் போட்டு, கூடுதலாக ஓர் அலசல் கொடுங்கள். பழைய ஜன்னல்களில் கண்ணாடியைப் பதிக்கும் மக்கில் ஆளிவிதை எண்ணெய் இருக்கும். புதிதாக மக்கு வைத்த இடத்தைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள், உலர்த்தும் எந்திரத்திலும் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

துணியை ஈரமாக வைப்பதா உலர்வாக வைப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. ஸ்கிரிமுக்கு ஈரப்பதம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. மைக்ரோஃபைபரில் நான் உலர்ந்ததில் தொடங்குகிறேன், இரண்டு மூன்று ஜன்னலில் அதுவே இயல்பான பதத்துக்கு வந்துவிடும். காற்று மிகவும் வறண்ட நாளில் உலர்ந்த துணி தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடியில் நிலைமின்னேற்றம் உண்டாகி தூசி வந்து ஒட்டும், அன்று லேசாக நனைத்துப் பிழிந்துகொள்வேன். வெயில் ஏறிச் சூடான கண்ணாடியிலும் அப்படித்தான். இதை நீங்கள் வேறு விதமாகச் செய்து நல்ல முடிவு வந்தால் உங்கள் வழியே உங்களுக்குச் சரி.

கண்ணாடியைக் கீறுவது துணி அல்ல, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எவ்வளவு மென்மையான துணியாக இருந்தாலும் நடுவில் ஒரு மணல் இருந்தால் அது உளிதான். ஆகவே கழுவாத காய்ந்த கண்ணாடியில் உலர்ந்த துணியை ஒருபோதும் வைக்க வேண்டாம், முதலில் நிறைய நீரால் நனைத்துக் கழுவுங்கள். கட்டி முடித்த புதுக் கட்டடத்தில் சிமென்ட் துளிகளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, அடுத்த நாள் வெயிலில் பிறை பிறையாகக் கீறல் தெரிந்தபோது நான் நின்ற நிலையை நீங்கள் அனுபவிக்கக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு அப்படியே பயன்படுத்தவும் கூடாது. அது துவைக்கும் பைக்குத்தான். வெயில் தடுப்புப் படலம் ஒட்டிய கண்ணாடி, அக்ரிலிக், பாலிகார்பனேட் மூன்றும் கண்ணாடியைவிட மிக மென்மையானவை. அங்கே புதிதாகத் துவைத்த துணி மட்டும், அழுத்தமே இல்லாமல். அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம். படலம் ஒட்டிச் சுமார் 30 நாள் ஆகும்வரை துடைக்காமல் இருப்பது நல்லது. வெளிப்பக்கம் சிறப்புப் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் தயாரித்தவர் எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் நான் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

எத்தனை துணி வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். 40 சென்டிமீட்டர் சதுரத் துணியை இரண்டு முறை மடித்தால் முன்னும் பின்னுமாக எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் நனைந்ததும் அடுத்ததைத் திருப்பி, எட்டும் நனைந்தால் துணியை மாற்ற வேண்டும். பிழிந்து மறுபடி பயன்படுத்துவதில்தான் கோடு ஆரம்பிக்கும். முழுநாள் வேலைக்குப் பன்னிரண்டு கண்ணாடித் துணி, நான்கு திண்டுத் துணி எனக்குப் போதுகிறது. துவைத்து உலர நேரம் வேண்டும் என்பதால் அதைப்போல இரு மடங்கு வைத்திருக்கிறேன். ஓரத்தைத் துடைக்கும்போது துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி, மேல் ஓரம், பக்கங்கள், கடைசியாகக் கீழ் ஓரம் என்று ஒரே இழுப்பில் போங்கள். விரல் அகலத்துக்கு மேல் உள்ளே வர வேண்டாம், போன வழியில் திரும்பித் தேய்க்கவும் வேண்டாம். நடுவில் ஒரு கோடு விழுந்தால் உடனே பாயாமல் அது காயும்வரை விட்டு, நன்றாக உலர்ந்த முகத்தால் ஒரு தடவை தொட்டு எடுங்கள்.

புதிதாக எதையும் வாங்கும் முன் கெட்டுப்போனதாக நீங்கள் ஒதுக்கிய துணிகளில் ஐந்தை எடுங்கள். கண்டிஷனர் இல்லாமல், 60 டிகிரி நீரில், கொஞ்சம் திரவ சோப்போடு தனியாக ஒரு முறையும், சோப்பே இல்லாமல் இன்னொரு முறையும் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி நீர் விடுங்கள். துளி உடனே உள்ளே இறங்கினால் அந்தத் துணி மீண்டுவிட்டது, கண்ணாடிக்கே வைத்துக்கொள்ளலாம். முத்துப்போல மேலேயே நின்றால் இன்னும் ஒரு முறை துவைத்துப் பாருங்கள். அதற்கும் இறங்காதது திண்டுத் துணிகளோடு போகட்டும். எத்தனை மீண்டன என்று எண்ணிவிட்டு, குறைகிறதை மட்டும் தட்டையான மைக்ரோஃபைபரில் வாங்குங்கள். கூடவே ஒரே ஒரு ஸ்கிரிம் வாங்கி, இந்த வாரமே துவைக்கத் தொடங்கிவிடுங்கள்.